பயம் போக்க நான் எடுத்த மாதிரி வகுப்பு

டீச்சர்களுக்குப் பயமே கிடையாது என்று ஊர் ஜனங்கள் ரொம்பக் காலமாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளுகிறோம். ஒன்றியத்து ஆசிரியர்கள் நாற்பது பேர் உட்கார்ந்து பார்க்க, அந்த நம்பிக்கையை ஒரே காலையில் போட்டு உடைத்த பெருமை என்னையே சேரும். போகிற போக்கில் ஒரு கல்வி அதிகாரியின் மானத்தையும் வாங்கினேன். (அவர் எப்போதோ ஓய்வுபெற்றுவிட்டார். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.)

வருஷம் 1991. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்பு டீச்சர். இன்றைக்கு அந்த ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் கம்பெனி பஸ்ஸுக்கும் கன்டெய்னர் லாரிக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அன்றைக்கு அதே ரோட்டில் ஆள் நெல்லைக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம். எனக்கு வயது இருபத்து நான்கு. பாடம் நடத்தத் தெரியுமோ தெரியாதோ, குரல் உண்டு. நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் பதினாறாம் வாய்ப்பாடு வந்துவிடும். கோபமும் உண்டு. அதற்கு என் வீட்டுக்காரர் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சாட்சி சொல்வார்.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உலகத்துக்கே தெரியும். உலகத்துக்குத் தெரியாதது, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது எங்கள் பிள்ளைகள் வந்து உட்கார்ந்த கோலம். ரோட்டில் ஜீப் நின்றால் பாதி வகுப்பு பெஞ்சுக்கு அடியில் போய்விடும். ஒருநாள் யாரோ ஒருவருடைய சைக்கிள் டியூப் வெடித்தது. நான் கரும்பலகையிலிருந்து திரும்பிப் பார்க்கிறேன், வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை. எல்லாம் ஏரிக்கரையில் நின்றுகொண்டு அழுகின்றன. கூப்பிட்டு வர மத்தியானம் ஆகிவிட்டது.

இதில் எனக்கு ரொம்பக் கவலை கொடுத்தது சாந்தி. ஒன்பது வயதுப் பெண். போன வருஷம் வரை வகுப்பில் யார் பேசினாலும் அவளும் பேசுவாள், யாரும் பேசாவிட்டாலும் பேசுவாள். அவள் அப்பா கொத்தனார். அன்றைக்குக் கூட்டம் பார்க்கப் போனவர், மறுநாள் பொழுது விடிந்த பிறகுதான் வீடு வந்து சேர்ந்தார். அதுவரைக்கும் அவர் இல்லை என்றே நினைத்து வீட்டில் அழுதிருக்கிறார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. காது மட்டும் போய்விட்டது. அன்றிலிருந்து சாந்தி வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் வருவாள், கடைசி வரிசையில் உட்காருவாள், மணி அடித்தால் சத்துணவு ஆயாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அதட்டிப் பார்த்தேன், மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் அவள் அம்மா கன்னியம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். பெண்ணை நிறுத்திவிடுவதாக முடிவு பண்ணி வந்திருந்தார்.

“வாயே தொறக்காம இங்க குந்திகினு இன்னா படிக்கப் போறா டீச்சர்? வாலாஜாபாத்ல எங்கக்கா வூட்டுக்கு அனுப்பி வுட்டுர்றேன். அவ ரெண்டு மாடு வச்சிகினு கீறா. மாட்டுகிட்ட பேச வாணாம் இல்ல?”

மாட்டை ஓட்டப் போன பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் வந்ததாக எங்கள் பக்கத்தில் சரித்திரமே கிடையாது. பட்டணத்திலிருந்து ஒரு மனநல டாக்டரம்மா வரப்போகிறார், பயந்த பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எங்களுக்கே பயிற்சி கொடுக்கப்போகிறார், அவர் சாந்தியைப் பார்க்கிற வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சினேன். கன்னியம்மா, அந்த அம்மா சாந்தியைப் பார்த்துவிட்டுப் போகிற அன்றைக்குச் சாயங்காலம் வந்து அழைத்துப்போகிறேன், அதற்குள் பேசினால் பேசட்டும் என்று கெடு வைத்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மா வந்தார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பயிற்சி. நாற்பது ஆசிரியர்கள் இருப்போம். பயிற்சி என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் யாராவது மேடையில் நின்று பேசுவார், நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிடுவோம், பதினோரு மணிக்கு டீ வரும். அந்த அம்மா முதல் காரியமாக எல்லோரையும் வட்டமாகத் தரையில் உட்காரச் சொன்னார். எங்களுக்கு அதுவே பெரிய அதிர்ச்சி. எங்கள் ஹெட்மாஸ்டர் ஆறுமுகம் சார், வெள்ளை வேட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அப்புறம் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

அடுத்த அதிர்ச்சி, அந்த அம்மா கேட்ட கேள்வி. பிள்ளைகளின் பயத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் உங்கள் பயம் என்ன என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றார். எங்களுக்குப் பயமா? ஆறுமுகம் சார் மீசையைத் தடவிக்கொண்டு, சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து தனக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்றார். ஒருவர் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் என்றார். கல்வி அதிகாரி, நாங்கள் ஏ.இ.ஓ. என்று சொல்வோம், அவர் பாம்பு என்று சொல்லிவிட்டு, அதுவும் நல்ல பாம்பு மட்டும்தான் என்று திருத்திக்கொண்டார். என் முறை வந்தது. “எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது மேடம்” என்று கணீரென்று சொன்னேன்.

(உண்மை நிலவரம் இது: மே மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் டம்ளர் கீழே விழுந்தால் நான் ஒரு முழம் எகிறிக் குதிப்பேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைப் பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரிக் கழுவுகிற இடத்தில் வைப்பார். கதவைச் சாத்துவதாக இருந்தால் “கஸ்தூரி, கதவு சாத்தப் போறேன்” என்று முன்கூட்டியே அறிவிப்பார். இதையெல்லாம் நாற்பது பேர் முன்னால் சொல்ல முடியுமா?)

டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தது ரொம்ப எளிமையான விஷயம். பிள்ளைகள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். திருத்தாதீர்கள், அடக்காதீர்கள், பயப்படாதே என்று அதட்டாதீர்கள். பேசாத பிள்ளை இருந்தால் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். அவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டினோம். கடைசியில், ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் நிஜமான பிள்ளைகளை வைத்து ஒரு மாதிரி வகுப்பு எடுக்கலாம், எல்லோரும் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். நாற்பது பேரும் தரையை ஆராய்ச்சி செய்தார்கள். ஆறுமுகம் சார் மட்டும் நிமிர்ந்து, “எங்க கஸ்தூரி எடுக்கும் மேடம். அதுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது” என்றார்.

மாதிரி வகுப்புக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் நான் செய்ததைத்தான் இன்று வரை என்னால் நம்ப முடியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடங்களில் இன்ஸ்பெக்ஷன் என்று ஒன்று உண்டு. அதிகாரி வகுப்புக்குள் வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். அதற்கு ஒரு ஏற்பாடு, எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்தே நடைமுறையில் இருப்பது. அதிகாரி எந்தக் கேள்வி கேட்டாலும் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்துக் கூப்பிடுவார். அதிகாரிக்கு, அடடா, ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிகிறதே என்று மனசு நிறைந்துவிடும். (அதிகாரியும் ஒரு காலத்தில் வாத்தியாராக இருந்து இதே வேலையைச் செய்தவர்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துவிடும்.)

நான் மாதிரி வகுப்பை இன்ஸ்பெக்ஷனாக எடுத்துக்கொண்டேன். வெளியாட்கள் வருகிறார்கள் என்றால் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? எனக்குத் தெரிந்ததே அந்த ஒன்றுதான். பிள்ளைகள் தங்கள் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், சரி. என்ன சொல்வார்கள் என்று தெரியாமல் எப்படி விடுவது? அழகான தமிழில் நானே எழுதிக்கொடுத்துவிட்டேன். “முன்பு எனக்குச் சத்தம் கேட்டால் பயமாக இருந்தது. இப்பொழுது நான் தைரியமாக இருக்கிறேன். நன்றி, வணக்கம்.” காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை. சொல்லும்போது நடுங்கின பிள்ளைகளை, தைரியமாக இருக்கிறேன் என்பதைத் தைரியமாகச் சொல் என்று அதட்டினேன். மனப்பாடம் ஆனவர்கள் வலது கை. ஆகாதவர்கள் இடது கை.

சாந்தியிடம் போனேன். நீ கடைசியில் உட்கார்ந்துகொள், இடது கையைத் தூக்கு, உன்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று அன்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் தலையாட்டினாள். எந்தப் பிள்ளையை டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும் என்று வாசலில் நின்று கெஞ்சினேனோ, அந்தப் பிள்ளையை அந்த அம்மா கண்ணிலேயே படாமல் மறைக்க ஏற்பாடு பண்ணியிருக்கிறேன். வகுப்பு நல்லபடி முடியட்டும், அப்புறம் தனியாகக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்பது என் கணக்கு. இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டு நான் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமும் நடத்தியிருக்கிறேன்.

அந்த நாள் வந்தது. நாற்பது பேர் உட்கார, மைதானத்தின் மறுகோடியில் இருந்த என் வகுப்பறை போதாது என்று, சமையல்கூடத்தை ஒட்டினாற்போல் இருந்த நீள அறையைக் கூட்டிச் சுத்தம் செய்தோம். மேஜைக்குப் பூப்போட்ட விரிப்பு, அதன்மேல் தண்ணீர் ஜாடி, செம்பருத்திப் பூ. முன்னால் பிள்ளைகள் தரையில். பின்னால் பெஞ்சுகளில் ஆசிரியர்கள். மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஏ.இ.ஓ. கதவோரம் ஆறுமுகம் சார், மீசைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டாக்டரம்மா பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் வணக்கம் சொல்லி ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மாவே பிள்ளைகளைப் பார்த்து, சத்தம் கேட்டால் இன்னும் யாருக்கெல்லாம் பயமாக இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டுவிட்டார்.

அது என் பாடத்திலேயே இல்லாத கேள்வி. ஆனால் என் பிள்ளைகள் பயிற்சி பெற்றவர்கள். எந்தக் கேள்வி கேட்டாலும் கை தூக்க வேண்டும். அத்தனை கையும் மேலே போனது. ஒரு வாரமாகப் பயம் போக்கின டீச்சரின் வகுப்பில், பயம் போன பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று ஆகிவிட்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சமாளிக்கலாம் என்று முன்வரிசையில் வலது கை தூக்கியிருந்த பையனை எழுப்பினேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்து, “முன்பு எனக்குச் சத்தம் கேட்டால் பயமாக இருந்தது. இப்பொழுது நான் தைரியமாக இருக்கிறேன். நன்றி, வணக்கம்” என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். இப்போதுதானே பயம் இருக்கிறது என்று கை தூக்கினாய் என்று டாக்டரம்மா கேட்டார். பையன் என்னைப் பார்த்தான். பிறகு முதலிலிருந்து மறுபடியும் ஒப்பித்தான், இந்தத் தடவை வணக்கத்தைக் கொஞ்சம் அழுத்தி. அடுத்த பெண்ணும் அதையே சொன்னாள். அதற்கடுத்த பையனும் அதையே சொன்னான். ஏ.இ.ஓ. மட்டும் உச்சரிப்பு பிரமாதம் என்று கைதட்டினார்.

டாக்டரம்மா எழுந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். கடைசி வரிசையில் சாந்திக்கு எதிரே போய் நின்றார். சாந்தியின் இடது கை, நான் சொல்லிவைத்தபடி, அசையாமல் மேலே நின்றது. நீ சொல்றியா கண்ணு என்று அந்த அம்மா கேட்டார்.

பின்பெஞ்சில் நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. அத்தனை பேருக்கும் இடது கை ரகசியம் தெரியும். அத்தனை பேரும் அதில் ஊறியவர்கள். அறையில் அது தெரியாத ஒரே ஆள் டாக்டரம்மாதான். அந்தக் குறையையும் என் வகுப்பின் முதல் ரேங்க் மாணவன் தீர்த்துவைத்தான். எழுந்து நின்று பொறுப்பாகச் சொன்னான்.

“டாக்டரம்மா, அது இடது கை. அதுங்களைக் கேக்கக் கூடாது. டீச்சர் சொல்லிக் கீறாங்க. மனப்பாடம் ஆனவங்கதான் வலது கை.”

டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த அம்மா அமைதியாக, “அப்ப இடது கை தூக்கினவங்கதான் நிஜத்தைச் சொல்லியிருக்காங்க, இல்லையா டீச்சர்?” என்றார். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று நினைத்தேன்.

அந்த நொடியில் வெடித்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்தான். அப்படி ஒரு சத்தம். ஜாடியில் தண்ணீர் ஆடியது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பது எனக்கு நினைவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பிள்ளைகள் வீறிட்டு ஒன்றையொன்று கட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே நான் மேஜைக்கு அடியில் இருந்தேனாம். எப்படிப் போனேன் என்று யாரும் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்தேன், அப்புறம் நிற்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு நினைவு வந்தபோது முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் யாரோ முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் ஏ.இ.ஓ.

ஒரே மேஜைக்கு அடியில், உதவித் தொடக்கக் கல்வி அலுவலரும் நானும். அவர் என் புடவை முந்தானையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜாடி கவிழ்ந்து அவர் வழுக்கைத் தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. “கொஞ்சம் தள்ளி உக்காரும்மா” என்றார். நான் அந்த நிலையிலும் “சரிங்க சார்” என்று தள்ளி உட்கார்ந்தேன். பின்னால் பெஞ்சுகள் எல்லாம் காலி. நாற்பது பேரில் பாதிப் பேர் பெஞ்சுக்கு அடியில், மீதிப் பேர் மைதானத்தில். சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து பயமே இல்லாத ஆறுமுகம் சாரை அப்புறம் தேடிப்பிடித்தபோது, அவர் ரோட்டைத் தாண்டி டீக்கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்தார். ஒரு கால் செருப்பு மட்டும் கதவோரம் கிடந்தது.

மேஜை விரிப்பின் ஓரம் மெதுவாகத் தூக்கப்பட்டது. ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. சாந்தி.

“டீச்சர், அது அண்டா மூடி. காது ஒடஞ்சி போச்சி, அதான் ஆயா கைலேர்ந்து நழுவிடும். டெய்லி வுழும். ஒண்ணும் இல்ல, எய்ந்து வாங்க.”

எனக்கு முதலில் அந்த வார்த்தைகள் புரிந்தன. யார் பேசுகிறார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. இன்டர்வெல்லிலெல்லாம் ஆயாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்த பிள்ளை. அவளுக்கு அந்த மூடியைத் தெரியும், அது எப்போது விழும் என்றும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்தச் சத்தத்துக்குப் பயப்படாத ஒரே ஆள் அவள்தான். தினமும் விழுகிற மூடிக்கு, குரலால் பஸ்ஸை நிறுத்துகிற டீச்சர் போய் மேஜைக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை.

“சாந்தி, நீயா பேசற?” என்று நான் வாயெடுப்பதற்குள், டாக்டரம்மா பின்னாலிருந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். நானும் சும்மா இருந்தேன். (எழுந்து வரவும் முடியவில்லை. முந்தானை இன்னும் ஏ.இ.ஓ. கையில் இருந்தது.) சாந்தி விரிப்புக்குள் தலையை நுழைத்து, மேஜைக்கு அடியில் எங்கள் இருவருக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டாள். என் கையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அப்பா இல்லை என்று எல்லோரும் அழுதார்களாம். விடிந்ததும் அப்பா நடந்து வந்தாராம். இவள் ஓடிப்போய் அப்பா அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நான் இன்னா பேசனாலும் எங்கப்பாவுக்குக் கேக்கல டீச்சர். அவருக்கே கேக்கலன்னா அப்புறம் எதுக்குப் பேசறது?”

பயத்தால் வாய் மூடிப்போச்சு என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அது பயமே இல்லை. இரண்டு மாதம் அதட்டினேன், மிட்டாய் கொடுத்தேன், இடது கை தூக்கச் சொன்னேன், ஒருதடவைகூட அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்ததில்லை. கடைசியில் மேஜைக்கு அடியில் மாட்டிக்கொண்டதால்தான் உட்கார்ந்தேன். அழுதேன். வெட்கமெல்லாம் ஏற்கெனவே போய்விட்டதால் நன்றாகவே அழுதேன். பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஏ.இ.ஓ. என் முந்தானையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் மூவரும் மேஜைக்கு அடியிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தபோது பிள்ளைகள் எல்லாம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்ததை எப்படிச் சொல்வது? ஆச்சரியம்தான். டீச்சருக்கே பயமா, பெரிய சாருக்கே பயமா என்கிற ஆச்சரியம். அதற்குப் பிறகு ஒருவரும் கை தூக்கவில்லை, ஒப்பிக்கவில்லை. எனக்குக் கரண்ட் போனால் பயம் டீச்சர், எனக்கு ஜீப்பு டீச்சர், எனக்கு எங்க மாமா வராம லேட்டானா பயம் டீச்சர் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மணி அடித்தும் நிறுத்தவில்லை. ஆயா வந்து சோறு ஆறுகிறது என்று சத்தம் போட்ட பிறகுதான் கலைந்தார்கள்.

சாயங்காலம் கன்னியம்மா கெடுப்படி வந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் சாந்தியின் பாவாடை சட்டை. நான் பேச வாயைத் திறப்பதற்குள் சாந்தி முன்னால் போய் நின்று, டீச்சரும் பெரிய சாரும் மேஜைக்கு அடியில் பூந்துகொண்ட கதையை நடித்தே காட்டினாள். முருகா முருகா என்று ஏ.இ.ஓ. குரலிலேயே சொன்னாள். கன்னியம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துணிப்பையைச் சாந்தி கையிலேயே கொடுத்து, “வூட்டுக்கு எடுத்துனு வா” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

டாக்டரம்மா அந்தக் கொத்தனாரைப் பட்டணத்துக்கு வரவழைத்துக் காது டாக்டரிடம் காட்டினார். இடது காது போனது போனதுதான். வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, பக்கத்தில் போய்ச் சத்தமாகப் பேசினால் கேட்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். சாந்திக்கு அது போதும். அன்றிலிருந்து அப்பாவின் வலது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் உரக்கச் சொல்வாள். நான் வகுப்பில் யாரைத் திட்டினேன் என்பது ராத்திரிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

எனக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் பிள்ளைகள் ஓடமாட்டார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும், டீச்சர் சரியாக இருக்கிறார்களா என்று பார்க்க. ஏ.இ.ஓ. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வருவதையே விட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். வீட்டுக்குள் சொல்லிச் சிரித்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஏறினவர்களுக்கு ஒரகடம் வரை, ஒரகடத்தில் ஏறினவர்களுக்கு வாலாஜாபாத் வரை, டிக்கெட்டோடு சேர்த்து இந்தக் கதையையும் கொடுத்துக்கொண்டு போனார். என் ஸ்டாப் வந்தால் முன்சீட்டில் முகம் தெரியாத ஒருவர் திரும்பி, “ஒண்ணும் இல்ல டீச்சர், எய்ந்து வாங்க” என்பார். பஸ்ஸே சிரிக்கும். என் மகளைப் பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார்கூட அந்தக் கதையைத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்கள்.

சாந்தி படித்து முடித்து, இந்தப் பக்கம் கம்பெனிகள் வந்ததும், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது லைன் சூப்பர்வைசர். அத்தனை மிஷின் ஓடும்போதும் அவள் குரல் லைனின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கிறது என்று கம்பெனியில் பேர் வாங்கியிருக்கிறாள். அப்பாவிடம் பேசிப் பேசி வந்த குரல் அது. வீட்டிலும் அதே குரல்தான். ஷிஃப்ட் முடிந்து வந்தால் அவள் பேசி முடிக்கிற வரைக்கும் டி.வி. போட முடியாது என்று அவள் புருஷன் என்னிடமே வந்து புகார் சொன்னான்.

போன மாதம்கூட ஒரகடம் பஸ் ஸ்டாண்டில் கன்னியம்மாவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்தில் சாந்தி, யூனிஃபார்மோடு, என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள். கன்னியம்மா அவளைத் தாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

“டீச்சர், இவ வாயைத் தொறக்க ட்ரெயினிங் குடுத்தீங்களே, மூடறதுக்கு எதுனா ட்ரெயினிங் கீதா?”

அதற்குப் பதில் சொல்லலாம் என்று ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கிறேன். சாந்தி எங்கே பேச விடுகிறாள்.